புதன்கிழமை என் முறை

ஜீனத் தையல் கூடத்தை விட்டுப் போனதற்கு நான்தான் காரணம். இதை நானே சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் வாயால் கேட்டால் இன்னும் அசிங்கமாக இருக்கும். எனக்கு வாய் நீளம் என்று வீட்டிலும் சொல்வார்கள், தெருவிலும் சொல்வார்கள். ஆனால் பதினோரு வருஷம் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருந்தவளை ஒன்றரை ஜிபி நெட்டுக்காக விரட்டிவிடும் அளவுக்கு நீளும் என்று சத்தியமாக எனக்கே தெரியாது. அவள் திரும்பி வருவாளா, மாட்டாளா என்பது ஒன்றுதான் இப்போது என் கவலை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பாத்திரக் கடை. அதற்கு மேலே முதல் மாடியில் எங்கள் கூடம். நாலு மிஷின், ஒரு கட்டிங் மேஜை. டோரதி அக்காதான் முதலாளி. முதலாளி என்று சொல்லிக்கொண்டு சும்மா உட்காரமாட்டார், அவரும் எங்களோடு சேர்ந்து தைப்பார். எல்லாம் ஸ்கூல் யூனிபார்ம். ஏப்ரல் கடைசியில் துணி வந்து இறங்கினால் ஜூன் பாதி வரைக்கும் தலை நிமிர முடியாது. நான் சட்டையின் உடம்பை மூட்டித் தள்ளுவேன். ஜீனத் அதை வாங்கிக் காலரும் கையும் வைப்பாள். அவள் வைக்கிற காலர் அச்சடித்த மாதிரி நிற்கும். அவளுக்கு அடுத்த மிஷினில் பிரான்சி, இருபத்து நாலு வயசு, பட்டன் ஓட்டையும் பாக்கெட்டும் அவள் வேலை.

நாலு மோட்டாரும் ஒன்றாக உறுமுகிற இடத்தில் பாட்டு இல்லாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், கண் சொருகிவிடும். ஊசி விரலில் ஏறும். எனக்கு இரண்டு தடவை ஏறியிருக்கிறது. அதனால் பிரான்சி டிபன் டப்பா அளவில் ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்தாள். பாட்டுக்கு நெட் யார் போனிலிருந்து போவது என்று பேச்சு வந்தது. எல்லாரிடமும் ஒரே மாதிரி நெட் பேக்தான், ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. டோரதி அக்கா முறை போட்டுக் கொடுத்தார். திங்கள் அவர், செவ்வாய் பிரான்சி, புதன் நான், வியாழன் ஜீனத். வெள்ளியும் சனியும் அக்கா வீட்டுக்காரரின் பழைய போன். அதில் மெமரி கார்டில் அறுபத்து மூன்று பாட்டு இருக்கிறது, அவை எந்த வரிசையில் வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

யார் முறையோ அவர் போன், அவர் இஷ்டம், மற்றவர் வாயைத் திறக்கக்கூடாது. இதுதான் சட்டம். டோரதி அக்கா பதினோரு மணி வரைக்கும் மாதா பாட்டு போடுவார், பிறகு சினிமாவுக்கு வருவார். பிரான்சி போடுவதைப் பாட்டு என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வராது, இரும்புக் கடையில் மாடு புகுந்த மாதிரி இருக்கும். ஜீனத்துக்கு எண்பதுகளின் மெலடி. கூடவே மெதுவாக முணுமுணுப்பாள், அவளுக்குக் குரல் உண்டு. எனக்கு அம்மன் பாட்டு, சாப்பாட்டுக்கு அப்புறம் டப்பாங்குத்து. என் முறையன்று பிரான்சி காதைப் பொத்திக்கொள்வாள். "சட்டம்னா சட்டம்டி" என்று நான் இன்னும் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டுவேன்.

ஏப்ரலில் என் மகள் இளவேனில் எனக்குப் புது போன் வாங்கி அனுப்பினாள். அவள் ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறாள், அங்கேயே ஹாஸ்டல். உள்ளே போன் கொண்டு போக விடமாட்டார்கள். மதியம் ஒன்று பத்திலிருந்து ஒன்று நாற்பது வரை சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து எனக்கு வீடியோ கால் போடுவாள். சாதா கால் போடலாமே என்று கேட்பீர்கள். சாதா காலில் "சாப்பிட்டேம்மா" என்பாள். முகத்தைப் பார்த்தால்தான் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும்.

புது போன் வந்த பிறகு புதன்கிழமைகளில் வினை ஆரம்பித்தது. காலை ஒன்பதரைக்குப் பாட்டைப் போட்டால் பன்னிரண்டரைக்கெல்லாம் அன்றைய டேட்டா முழுவதும் முடிந்தது என்று மெசேஜ் வந்து விழுந்தது. அதற்குப் பிறகு நெட் நொண்டும். முதல் புதன்கிழமை சிக்னல் கோளாறு என்று நினைத்தேன். இரண்டாவது புதன்கிழமை கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்று அவன் குலத்தையே திட்டினேன். ஆனால் அக்காவின் திங்கள்கிழமை சாயந்திரம் ஆறு மணி வரை ஓடியது. பிரான்சியின் செவ்வாய்க்கிழமையும் ஓடியது. ஜீனத்தின் வியாழக்கிழமையும் ஓடியது. எனக்கு மட்டும் ஏன் மத்தியானத்தில் தீர்ந்து போகிறது? யாரோ என் போனிலிருந்து உறிஞ்சுகிறார்கள் என்று மனசில் விழுந்துவிட்டது. விழுந்த பிறகு அது சும்மா இருக்குமா?

மூன்றாவது புதன்கிழமை. அன்றும் பன்னிரண்டரைக்கு மெசேஜ். ஒன்று பத்துக்கு இளவேனில் கூப்பிட்டாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, முகம் வரவில்லை. கட்டாகி மறுபடி வந்தது, மறுபடி வட்டம். கடைசியில் சாதா காலில் வந்தாள். "லேசா காய்ச்சல்மா, ஒண்ணுமில்ல" என்றாள். குரல் கம்மியிருந்தது. "இருடி, நெட்டு வாங்கிக் கூப்பிடுறேன்" என்று வைத்தேன்.

பக்கத்தில் ஜீனத் டிபனைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "ஹாட்ஸ்பாட்ட ஆன் பண்ணு ஜீனத், சீக்கிரம்" என்றேன்.

"எனக்கு பேக் முடிஞ்சு மூணு நாளாச்சு பொன்னு. நாளைக்கு என் முறைக்குத்தான் போடணும்னு இருந்தேன்."

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"ஓகோ! மூணு நாளா பேக் இல்லையா? அப்ப நேத்து சாயந்திரம் வாட்ஸ்அப்ல ஏதோ பாத்து சிரிச்சியே, அது எந்த நெட்டு?"

"நேத்து பிரான்சி முறைதானே, அவ போன் ஹாட்ஸ்பாட்ல ஒட்டி விட்டா. வீட்டுல அவர் போன்ல ஒட்டிக்குவேன்."

"அப்ப புதன்கிழமை என் போன்ல ஒட்டிக்குவ. அதானே? அதான் என்னுது மட்டும் மத்தியானத்துல காலியாவுது!"

"அல்லா, என்னடி பேசுற? ஒரே ஒரு தடவ ஒட்டுனேன். போன மாசம் என் தம்பி கல்யாணப் பத்திரிகை வந்தப்ப, நீதான் போட்டுக் குடுத்த."

எனக்கு அது ஞாபகம் இருந்தது. நான்தான் போட்டுக் கொடுத்தேன், பத்திரிகையையும் நான்தான் முதலில் பார்த்தேன். அந்த நேரத்தில் அது என் புத்தியில் ஏறவில்லை. "பாத்தீங்களா, ஒத்துக்கிட்டா! ஒரு தடவன்னு ஒத்துக்கிட்டா!" என்று அக்காவைப் பார்த்துக் கத்தினேன். "எம்புள்ள அங்க காய்ச்சல்ல கெடக்குறா, அவ மூஞ்சியப் பாக்க எனக்கு நெட்டு இல்ல. இவ இங்க உக்காந்து திருடித் தின்னுக்கிட்டிருக்கா!"

"பொன்னுத்தாய், வார்த்தையப் பாத்துப் பேசுங்க" என்றார் டோரதி அக்கா. அவர் என்னை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

"பொன்னுக்கா, என் போன்ல ஒட்டிக்கிட்டு மொதல்ல பேசுங்க" என்று பிரான்சி போனை நீட்டினாள். அந்தப் பெண்ணுக்கு இருந்த அறிவில் கால்வாசி எனக்கு இருந்திருக்கலாம். நான் அதை வாங்கவில்லை. நடு அறையில் நின்று, எல்லாரும் பார்க்க, ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டை மாற்றினேன். முன்பு இளவேனிலின் பெயரும் அவள் பிறந்த வருஷமும் வைத்திருந்தேன், கூடத்தில் எல்லாருக்கும் அது தெரியும். மாற்றி முடித்து மணி பார்த்தால் ஒன்று நாற்பத்தைந்து. இளவேனில் உள்ளே போய்விட்டாள்.

ஜீனத் டிபனை அப்படியே மூடி வைத்தாள். "நான் எடுக்கல பொன்னு" என்றாள். சாயந்திரம் வரைக்கும் நான் மூட்டித் தள்ளிய சட்டைக்கெல்லாம் காலர் வைத்தாள். ஒன்றுகூடக் கோணவில்லை. ஆறு மணிக்கு நூல் கண்டுகளை எடுத்து டப்பாவில் போட்டு, மிஷினுக்கு உறை போட்டுவிட்டுக் கிளம்பினாள். மறுநாள் வரவில்லை.

இளவேனிலுக்கு இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. ஜீனத் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு பிளவுஸ் கடையில் சேர்ந்துவிட்டாள் என்று டோரதி அக்கா சொன்னார். சொல்லிவிட்டு, "யூனிபார்ம் சீசன்ல, என்னத்தச் சொல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போனா போறா, செஞ்சது தப்புன்னு தெரியும், அதான் முகத்தக் காட்ட முடியல" என்றேன் நான். வீறாப்பாகத்தான் சொன்னேன். ஆனால் காலையில் ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் பத்து நிமிஷம் போராடும்போது அந்த வீறாப்பு எங்கே போனது என்று தெரியாது. கிட்டத்தில் இருப்பது எனக்குக் கண் தெரியாமல் போய் இரண்டு வருஷம் ஆகிறது. தினமும் வந்தவுடன் என் ஊசியையும் சேர்த்து ஜீனத்தான் கோர்த்து விடுவாள். வியாழக்கிழமை யாரும் பாட்டுப் போடவில்லை. காலரை நானும் பிரான்சியும் மாறி மாறி வைத்தோம். அதைப் பார்த்து அக்கா பிரிக்கச் சொன்ன சட்டைகள் ஒரு மூட்டை சேர்ந்தது.

அடுத்த புதன்கிழமை என் முறை வந்தது. பாஸ்வேர்டு புதுசு, யாருக்கும் தெரியாது. ஹாட்ஸ்பாட்டையே அணைத்து வைத்திருந்தேன். பக்கத்து மிஷினில் ஆள் இல்லை. அம்மன் பாட்டைப் போட்டு, வழக்கம்போல் போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தைத்தேன். இன்றைக்கு ஆறு மணி வரை ஓடும், அப்போது இவர்கள் மூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்று மனசுக்குள் ஒரு கறுவல்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு மெசேஜ் வந்தது. டேட்டா முழுவதும் முடிந்தது.

மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். பிரான்சி எழுந்து வந்து போனை எடுத்துத் திருப்பினாள். திரையில் ஒரு கோயில் கோபுரமும் தீச்சட்டி ஏந்திய பெண்களும் பாதியில் நின்றிருந்தார்கள்.

"அக்கா, நீங்க யூட்யூப்லயா பாட்டுப் போடுறீங்க?"

"பின்ன எதுல போடுறது?"

"இதுல படமும் சேந்து ஓடுமேக்கா."

"அதான் கவுத்து வெக்கிறேனே. நான் படம் பாக்கலையே."

பிரான்சி வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் சிரிப்பு வந்ததுதான், பிறகு என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். "கவுத்து வெச்சா அதுக்குத் தெரியாதுக்கா. நீங்க பாத்தாலும் பாக்காட்டியும் படம் வந்துகிட்டேதான் இருக்கும். பழைய போன்ல மங்கலா ஓடியிருக்கும், கம்மியா எடுத்திருக்கும். இது புது போன், பளிச்சுனு ஓடுது. அதுக்கேத்த மாதிரி நெட்டத் தின்னுது. நாங்கல்லாம் பாட்டு ஆப்புல போடுறோம். வெறும் பாட்டு மட்டும்தான் வரும். ஒரு மணி நேரத்துக்கு அறுவது எழுவது எம்பிக்கு மேல ஆவாது."

இத்தனை வருஷமாகக் கவிழ்த்து வைத்தால் நெட் மிச்சமாகும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். லைட்டை அணைத்தால் கரண்ட் மிச்சமாவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் சொல்லித் தரவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமே!

பிரான்சி செட்டிங்ஸுக்குள் போனாள். எந்த ஆப் எவ்வளவு எடுத்தது என்று அங்கே வரிசையாக இருக்கிறது. இன்றைக்கு யூட்யூப் ஒன்று புள்ளி நாலு ஜிபி. இந்த மாதக் கணக்கில் ஹாட்ஸ்பாட் என்ற பெயரே இல்லை. போன மாதத்துக்குத் தள்ளினாள். அதிலும் யூட்யூப்தான் தலையில் நின்றது. அதற்குக் கீழே, கீழே, இன்னும் கீழே போனால், ஹாட்ஸ்பாட். மாதம் முழுவதற்கும் முப்பத்தெட்டு எம்பி.

"அது என்னடி முப்பத்தெட்டு?"

"ஜீனத்தக்கா கல்யாணப் பத்திரிகையும் நாலு போட்டோவும் எறக்குனாங்கல்ல, அதான். நானும் பாத்தேனே" என்றாள் பிரான்சி.

டோரதி அக்கா மிஷினை விட்டு எழுந்து வந்து அந்த எண்ணைப் பார்த்தார். திரும்பிப் போய்த் தைக்க உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தேவலை.

பிரான்சி தன் ஹாட்ஸ்பாட்டில் ஒட்டிப் பாட்டு ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். தரத்தைக் குறைத்து வைத்தாள். வீட்டில் அன்றைய டேட்டா மிச்சமிருந்தால் பிடித்த பாட்டுகளை இறக்கி வைத்துக்கொள்ளலாம், மறுநாள் நெட்டே தேவைப்படாது என்று காட்டினாள். எல்லாம் ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷத்தை மூன்று வாரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் போதும் என்று நினைத்தபோது அழுகையாக வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, அந்த எண் இருக்கிற பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தரச் சொன்னேன். அக்காவிடம் கேட்டுக்கொண்டு நாலு மணிக்கே கிளம்பினேன். "கூட்டிட்டு வாங்க பொன்னு" என்றார் அக்கா.

சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம் பஸ்ஸில் கால் மணி நேரம்தான். காவேரிப் பாலத்தில் டிராபிக்கில் நின்றபோது என்ன பேசுவது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கையைப் பிடிப்பது, ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுவது, மன்னித்துக்கொள் என்பது, அப்படியே அழைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறுவது. அவள் சிரித்துவிடுவாள் என்றே நினைத்தேன். கவிழ்த்து வைத்த கதையைச் சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

கடை ரோட்டை ஒட்டியே இருந்தது. நாலு பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஜீனத் கடைசி மிஷினில் ஒரு பட்டுப் பிளவுஸுக்குக் கழுத்துப் பட்டி வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தாள். "இளவேனிலுக்கு எப்படி இருக்கு?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

"தேவலையாயிருச்சு ஜீனத். வேலைக்குப் போறா." நான் போனை எடுத்து நீட்டினேன். "இதப் பாரு. போன மாசம் பூரா முப்பத்தெட்டு எம்பிதான். அது உன் தம்பி பத்திரிகை. மீதியெல்லாம் நான்தான். யூட்யூப்ல படத்தோட ஓட்டிக் கவுத்து வெச்சிருக்கேன், முட்டாச் சிறுக்கி. நீ எடுக்கவே இல்ல ஜீனத். தப்பு என்மேலதான்."

அவள் திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும் பொன்னு" என்றாள். "அத நீ எனக்குக் காட்ட வேணாம்."

"மன்னிச்சுக்கடி. கெளம்பி வா, அக்கா கூட்டிட்டு வரச் சொன்னாங்க. நாளைக்கு உன் முறை."

"எப்பப் பாத்த இத?"

"இன்னைக்கு மத்தியானம். பாத்த உடனே ஓடி வரேன்."

ஜீனத் தலையை ஆட்டினாள். கோபமாகப் பேசவில்லை, விலை சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் பேசினாள். "நேத்து வந்திருந்தீன்னா நான் உங்கூடவே பஸ் ஏறியிருப்பேன்."

"நேத்து எனக்குத் தெரியாதேடி."

"அதத்தான் சொல்றேன்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது கையில் இருந்த போனை என்ன செய்வது என்று தெரியவில்லை. அதை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"பதினோரு வருஷமா பக்கத்துல உக்காந்திருந்தவ நான் எடுக்கலன்னு சொன்னேன்" என்றாள் ஜீனத். "அத நம்பல. போன் சொன்னதும் நம்பிட்ட." அவள் கண் கலங்கியது, அதைத் துடைக்காமலே உள்ளே திரும்பிப் பார்த்து இரண்டு டீ சொன்னாள்.

நின்றபடியே டீ குடித்தோம். அவள் தம்பி கல்யாணத் தேதியைக் கேட்டேன், சொன்னாள். இங்கே வேலை எப்படி என்று கேட்டேன், பரவாயில்லை என்றாள். கிளம்பும்போது, "மறுபடி வரலாமா?" என்று கேட்டேன்.

"வா. வேலைக்குக் கூப்பிட வராத. சும்மா வா."

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்டக்டர் இரண்டு தடவை டிக்கெட் கேட்ட பிறகுதான் காதில் விழுந்தது. எனக்கு நானே வக்கீலாகி, அப்படியெல்லாம் இல்லை, இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு நானாகவே போய் அவளிடம் பேசியிருப்பேன் என்று சொல்லிப் பார்த்தேன். பொய். முப்பத்தெட்டுக்குப் பதிலாக அங்கே முன்னூறு என்று இருந்திருந்தால், நான் அதை எடுத்துக்கொண்டு போய் டோரதி அக்காவிடம்தான் காட்டியிருப்பேன்.